கரையில் ஓடிய மோட்டார்

படகு வந்துவிட்டது.

படகோடு தலைவரும் வந்துவிட்டார்.

உயிரை மட்டும் வழியில் எங்கேயோ இறக்கி விட்டிருந்தார்...

மீன்பிடிக்கப் போன இரண்டு பேர், ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு வெளியே அந்த வெள்ளைப் படகு அநாதையாகச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கயிறு கட்டி இழுத்துவந்து படகு கிளப்பின் துறையில் சேர்த்திருந்தார்கள். ஆவலாக எட்டிப் பார்த்தவர்கள் அதே வேகத்தில் பின்னால் வந்தார்கள். படகின் அடித்தட்டில் தலைவர் மல்லாந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. கண் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது. அந்த வாய் மூடி யாரும் பார்த்ததில்லை என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஐயோ... மச்சான்..."

துறைப் பலகையில் மண்டியிட்டு அழுதவர் கிளப்பின் துணைத் தலைவர். இறந்தவரின் தங்கையைக் கட்டியவர். சுருதி பிசகாத அழுகை. ஏற்ற இறக்கம், இடைவெளி, நடுவில் ஒரு விம்மல்... மேடைப் பழக்கம் உள்ளவரின் அழுகை.

ஒத்திகை பார்க்க நேரம் கிடைத்திருந்தது.

கொன்றவர் அவர்தானே!

காரணம்? பெண் என்று நினைத்தால் தப்பு. சொத்து என்று நினைத்தால் அதைவிடத் தப்பு.

நன்றியுரை.

பல வருடங்களாகக் கிளப்பில் துணைத் தலைவருக்கு இருந்த ஒரே வேலை நன்றியுரை சொல்வது. தலைவர் ஒரு மணி நேரம் முழங்குவார். அவர் அமர்ந்து, இவர் எழுந்து, மைக்கைத் தட்டும்போது சபை செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். காலி நாற்காலிகளுக்கு நன்றி சொல்லிச் சொல்லியே துணைத் தலைவருக்குத் தலைமுடி கொட்டிவிட்டது. அதையும் பொறுத்தார். ஆயுள் உள்ளவரை தானே தலைவர் என்று மச்சான் தீர்மானம் போட்டபோதும் பொறுத்தார். ஆனால் அன்று அதிகாலை, படகுக் கொட்டகையில், மச்சான் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார் பாருங்கள் ஒரு வார்த்தை...

"மாப்ளே, இந்த வருஷம் விழாவுல நன்றியுரை வேணாம். நேரம் இழுக்குது."

பக்கத்தில் ஒரு துடுப்பு இருந்தது. அது தலைவரின் துரதிர்ஷ்டம்.

அதன் பிறகு துணைத் தலைவர் தானே வியக்கும் அளவுக்கு வேகமாக வேலை செய்தார். டிரெய்லர் மேல் நின்ற படகில் உடலை ஏற்றினார். தலைவர் உயிரோடு கிளம்பிப் போனார் என்று கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் நம்ப வேண்டுமே... கொட்டகைக்குள்ளேயே மோட்டாரை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் உறுமவிட்டார். நிறுத்தினார். சரிவில் படகைத் தண்ணீருக்குள் நழுவவிட்டார். கடல் உள்வாங்கும் நேரம். ஆறு படகைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போய்விட்டது.

குற்றமற்ற குற்றம்.

அப்படித்தான் நினைத்தார்.

*

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. தண்ணீரைக் கண்டால் வயிற்றைப் புரட்டும் ரகம். துறையின் நடுவில், இரண்டு பக்கமும் சம தூரத்தில் நின்றுகொண்டார்.

"இது ஓடற வண்டிதானே சார்? நடுக்கடல்ல ஏன் நின்னுது?"

துணைத் தலைவரின் அழுகை குழாயை மூடியதுபோல் நின்றது. மோட்டாரைப் பற்றி ஒருவர் தன்னிடம் விளக்கம் கேட்கிறார். மச்சான் பத்தடி தூரத்தில் பிணமாகக் கிடந்தால் என்ன?

"நல்ல கேள்வி மேடம்" என்று எழுந்தார். தொண்டையைச் செருமினார். "காருக்கு ரேடியேட்டர் இருக்கு. இந்த அவுட்போர்டு மோட்டாருக்குக் கிடையாது. கடல்தான் இதுக்கு ரேடியேட்டர். தண்ணிக்குள்ள முங்கி இருக்கு பாருங்க, மோட்டாரோட கால், அதுல ஒரு சல்லடை. அது வழியா தண்ணி உள்ள போகுது. உள்ள ரப்பர்ல ஒரு சின்னச் சக்கரம், இம்பெல்லர்னு பேரு. அது தண்ணிய மேல தள்ளும். தண்ணி எஞ்சினைச் சுத்தி வந்து சூட்டை வாங்கிட்டு வெளிய போயிடும். அதுல கொஞ்சம் பின்பக்கம் ஒரு ஓட்டை வழியா பீய்ச்சிக்கிட்டே இருக்கும். அந்தத் தண்ணி வந்தா மோட்டார் நல்லா இருக்குன்னு அர்த்தம். அதுக்கு நான் வெச்சிருக்கிற பேரு, குளிர்விப்பு உறுதிச் சான்று நீர்த்தாரை."

"மெக்கானிக்குங்க என்ன சொல்வாங்க?"

துணைத் தலைவர் முகம் சுளித்தார்.

"மோட்டார் ஒண்ணுக்குப் போகுதுன்னு சொல்லுவாங்க."

"இப்ப புரியுது. சரி, அது போகலைன்னா?"

"சூடேறும். பீப் பீப்னு கத்தும். அப்புறம் செத்துடும். மச்சான் என்னடான்னு குனிஞ்சு பார்த்திருப்பார்... அந்த நேரம் பார்த்து ஒரு அலை... பின்மண்டை மோட்டார்ல..."

"குனிஞ்சவருக்கு எப்படி சார் பின்மண்டையில அடி?"

"குனிஞ்சு... நிமிர்ந்து... திரும்பி... மல்லாந்து விழுந்திருப்பார்."

"கடைசி நேரத்துல நிறைய வேலை பார்த்திருக்கார்" என்றார் இன்ஸ்பெக்டர். "மோட்டாருக்கு சர்வீஸ் யாரு பண்ணது?"

"நான் ஒருத்தன் பொழப்புல மண்ணப் போடக் கூடாது மேடம்" என்றார் துணைத் தலைவர் வருத்தமாக. "பின்னாடி தகரக் கொட்டாய்ல இருக்கான். வாங்க, காட்டறேன்."

சற்றுத் தள்ளி அவர் மனைவி நின்றிருந்தாள். இறந்தவரின் ஒரே தங்கை. அழவில்லை. அண்ணனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடி அண்ணனைப் பார்த்தாள்.

*

மெக்கானிக்கைக் கிளப்பில் எல்லோரும் 'நாளைக்கு' என்றே கூப்பிடுவார்கள். எந்த வேலையை எப்போது கேட்டாலும் அவன் சொல்லும் ஒரே பதில் அது. ஆள் அடக்கமானவன் இல்லை. சுத்தமானவனும் இல்லை. அவனுடைய தகரக் கொட்டகை முழுக்க பெட்ரோல் வாடை. சுவரோரமாகத் தண்ணீர் நிரப்பிய இரும்பு டிரம். அதில்தான் மோட்டார்களைக் காலை நனைத்து ஓட்டிப் பார்ப்பான். மேஜை மேல் உப்புப் பூத்த போல்ட்டுகள் ஒரு தட்டு நிறைய.

படகிலிருந்து கழற்றிய மோட்டாரை ஸ்டாண்டில் மாட்டியிருந்தார்கள்.

"என் மேல பழியா?" என்றான் நாளைக்கு. "முந்தாநேத்து சாயங்காலம்தான் மேடம் முடிச்சேன். புது இம்பெல்லர் போட்டேன். சூட்டுக்குத் திறக்கிற தெர்மோஸ்டாட்டக் கழட்டி உப்பச் சுரண்டி, வெந்நீர்ல போட்டுத் திறக்குதான்னு பார்த்தேன். டிரம்ல வெச்சு ஓட்டினேன். பச்சப் புள்ள மாதிரி ஜோரா ஒண்ணுக்குப் போச்சு."

"புளுகு" என்றார் துணைத் தலைவர். "பழைய ரப்பரை வெச்சே ஒப்பேத்தியிருப்பான். கழட்டச் சொல்லுங்க மேடம். உண்மை தெரிஞ்சிடும்."

"சார் ஒருத்தர்தான் என்னை இன்னைக்கே வேலை செய்யச் சொல்றது" என்று முனகிக்கொண்டே நாளைக்கு ஸ்பேனரை எடுத்தான்.

போல்ட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. மோட்டாரின் கால் தனியாகக் கீழே இறங்கியது. பம்ப்பின் மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான்.

குப்பென்று கருகிய ரப்பர் நாற்றம்!

சக்கரத்தின் இறக்கைகள் இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ உருகி வழிந்து உறைந்திருந்தது.

"பார்த்தீங்களா?" துணைத் தலைவரின் குரலில் வெற்றி. "இவன் போட்ட ரப்பர்தான் எமன். என் மச்சானைக் கொன்னுட்டான் மேடம்."

நாளைக்கு அந்தக் கறுப்பை நகத்தால் சுரண்டினான். மோந்து பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"என்னய்யா சிரிப்பு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரப்பர் பழசாச்சுன்னா வெடிப்பு விடும் மேடம், இறக்கை ஒடியும். இது ஒடியல. வெந்திருக்கு. தண்ணிக்குள்ள இருக்கிறவரைக்கும் இது வேகாது. தண்ணிதான் இதுக்கு எண்ணெய். காலை நனைக்காம கரையில வெச்சு ஓட்டினா, அரை நிமிஷம் போதும், இந்த கதிதான். எவனோ ஒரு மேதாவி தண்ணி இல்லாம ஓட்டியிருக்கான்."

துணைத் தலைவர் மோட்டாரிடமிருந்து ஓரடி பின்வாங்கினார்.

வருடா வருடம் புது உறுப்பினர்களுக்கு மோட்டார் பராமரிப்பு பற்றி வகுப்பு எடுப்பது அவர்தான். 'தண்ணீரின்றி ஒரு கணமும் இயக்கேல்' என்று கையை ஆட்டி, மேஜையைத் தட்டிச் சொல்வார். கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியும் இருக்கிறார். எல்லாம் ஊருக்குச் சொன்னது. அவரா கேட்டுக்கொண்டிருந்தார்?

"இப்படி வெந்து போனதுக்கப்புறம் கடல்ல எவ்ளோ தூரம் போகும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"துறையத் தாண்டாது. அதுக்குள்ள கத்தி ஊரைக் கூட்டிடும்."

"அப்ப படகு தானாப் போகல. ஆத்துத் தண்ணி இழுத்துட்டுப் போயிருக்கு." இன்ஸ்பெக்டர் தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார். "வாட்ச்மேன்கிட்ட கேட்டேன். காலையில மோட்டார் சத்தம் கேட்டுதாம். ஆனா போகப் போகக் குறையலையாம். ஒரே இடத்துல இருந்துட்டு டப்புன்னு நின்னுடுச்சாம். அவன் அப்பவே யோசிச்சானாம், தலைவர் அவ்ளோ வேகமாவா போயிட்டார்னு. படகுக் கொட்டகைச் சாவி யார்யார்கிட்ட இருக்கு?"

"தலைவர்கிட்ட ஒண்ணு. என்கிட்ட ஒண்ணு" என்றான் நாளைக்கு. "இதோ, சார்கிட்ட ஒண்ணு."

"இவன்தான் மேடம்" என்றார் துணைத் தலைவர் அவசரமாக. "காலையில வந்து..."

"காலையிலயா? நானா?" நாளைக்கு நிஜமாகவே புண்பட்டுப் போனான். "நான் காலையில வேலைக்கு வந்ததா ஒரே ஒரு ஆள் சொல்லட்டும் மேடம், தூக்குல போடுங்க."

வாசலில் நின்ற கூட்டம் ஆமோதித்துத் தலையாட்டியது.

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கைரேகை கேட்டா எல்லார் கையும் அந்த மோட்டார் மேல இருக்கும். பார்த்த சாட்சி யாரும் இல்ல. ரெண்டு பேரும் ஊரை விட்டு நகர வேணாம்."

*

மறுநாள் மாலை. இரங்கல் கூட்டம்.

கிளப்பின் பெரிய ஹாலில் தலைவரின் படம். படத்துக்குக் கீழே தலைவரின் நாற்காலி. நாற்காலியில்... இடைக்காலமாக... துணைத் தலைவர்.

அவர் ஒரு மணி நேரம் பேசியிருந்தார். ஒருத்தன் எழுந்திருக்கவில்லை. ஒருத்தன் காலால் செருப்பைத் துழாவவில்லை. சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்பதால் துணைத் தலைவர் உதட்டைக் கடித்து வைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் புதுத் தலைவர் தேர்தல். போட்டியில்லை. கைதட்டல் ஒன்றுதான் பாக்கி.

கதவு திறந்தது.

இன்ஸ்பெக்டர். பின்னால் ஒரு கான்ஸ்டபிள். அவர் பிடியில் நாளைக்கு.

"மன்னிக்கணும். ஒரே ஒரு சந்தேகம்" என்றார் இன்ஸ்பெக்டர். "நேத்து காலையில படகுக் கொட்டகைக்குள்ள மோட்டாரை ஓட்டினவர்தான் கொலையாளி. சாவி இருக்கிறது ரெண்டு பேர்கிட்ட. ஒருத்தர் இவரு. இன்னொருத்தர் மேடையில இருக்கார்."

ஹாலில் எல்லாத் தலைகளும் மேடைப் பக்கம் திரும்பின.

துணைத் தலைவர் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். அவ்வளவுதான். முடிந்தது. தேர்தலும் போச்சு, தலையும் போச்சு...

"இவரா?"

முன்வரிசையிலிருந்து அவர் மனைவி எழுந்தாள். நேற்றிலிருந்து அவள் வாயைத் திறப்பது இதுதான் முதல் தடவை.

"எங்க அண்ணன் மோட்டாரை இவர் ஸ்டார்ட் பண்ணாருங்கிறீங்களா? இவரா மேடம்?"

"ஏன், மாட்டாரா?"

"மாட்டார்னு சொல்லல. வராது. வீட்டுல கேஸ் அடுப்பு பத்த வைக்க வராது. மிக்ஸி ஓடலைன்னு ஒரு வாரம் ஆராய்ச்சி பண்ணார், பிளக்கே சொருகல. கல்யாணமான புதுசுல ஸ்கூட்டரை உதைச்சு ஸ்டார்ட் பண்றேன்னு ஒரு உதை விட்டார். வண்டி கிளம்பல, செருப்பு மட்டும் கிளம்பி எதிர்வீட்டு மாடிக்குப் போச்சு."

பின்வரிசையில் யாருக்கோ புரையேறியது. கிளப்பின் பொருளாளர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

துணைத் தலைவருக்கு முதலில் உயிர் வந்தது. தங்கமே, என்று மனசுக்குள் மனைவியைக் கொஞ்சினார். மகராசி, காப்பாற்றிவிட்டாள்!

அப்புறம்தான் அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது.

"நிஜமாவா சார்?" என்றார் இன்ஸ்பெக்டர். "உங்களுக்கு ஸ்டார்ட் பண்ணவே தெரியாதா?"

'தெரியாது.' ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் ராத்திரி வீட்டில் சாப்பாடு, மெத்தை, ஃபேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியாதுங்க மேடம்" என்று அவருக்குப் பதிலாகப் பொருளாளர் சொன்னார். "பேசுவார். நல்லாவே பேசுவார். தொட்டுப் பார்த்ததில்ல."

"அப்படின்னா தலைவர் பதவிக்கு மோட்டார் தெரிஞ்ச யாரையாவது..." என்று இழுத்தது இன்னொரு குரல்.

"நான் வேணா யோசிக்கிறேன்" என்றார் பொருளாளர், யோசிக்காமல்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "சரி சார். உங்க மேல சந்தேகம் இல்ல. கான்ஸ்டபிள், மெக்கானிக்கை வண்டியில ஏத்துங்க."

"ஏத்துங்க மேடம், வரேன்" என்றான் நாளைக்கு. "எத்தனை வருஷம் வேணா உள்ள வைங்க. ஆனா நாளப்பின்ன கோர்ட்டுல இந்த சார் மோட்டார் ஸ்டார்ட் பண்ணிட்டார்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. தொழிலுக்கே அசிங்கம்."

இப்போது ஹால் மறைக்காமலேயே சிரித்தது. இரங்கல் கூட்டத்தில்! படத்திலிருந்த தலைவர்கூட வாய்விட்டுச் சிரிப்பதுபோலத்தான் இருந்தது.

மனைவி மேடையோரம் வந்தாள். தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாக, ஆனால் மைக்கில் விழும்படி சொன்னாள்.

"விடுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. உங்களால ஒரு ஸ்டார்ட்டர் கயித்தை இழுக்க முடியுமா... பாவம்."

அந்தப் 'பாவம்'...

அதுதான் உள்ளே போய் எதையோ வேகவைத்தது.

"போதும்" என்றார் துணைத் தலைவர்.

மைக் கீச்சிட்டது.

"தெரியாதா? எனக்கா? சோக்கை இழுத்தேன். ஸ்டாப் சுவிட்ச்ல சிவப்புக் கிளிப்பை மாட்டினேன். நியூட்ரல்ல இருக்கான்னு பார்த்தேன். காலை அகட்டி வெச்சு ஒரு இழுப்பு. ஒரே இழுப்பு. இந்த ஹால்ல இருக்கிற எவனாவது ஒரே இழுப்புல ஸ்டார்ட் பண்ணியிருக்கீங்களா? முழுசா ஒரு நிமிஷம், விக்கல் இல்லாம ஓட்டினேன்."

"எந்த மோட்டாரைங்க?" என்றாள் மனைவி.

"உன் அண்ணன் மோட்டாரைத்தான். கொட்டகையில வெச்சு. நேத்து காலையில. தனியா, ஒருத்தன் உதவி இல்லாம."

பெருமிதமாகச் சபையைப் பார்த்தார்.

சபை சிரிக்கவில்லை.

பொருளாளர் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்துவிட்டு வாயை மூடாமலேயே உட்கார்ந்திருந்தார். நாளைக்கு கான்ஸ்டபிளின் பிடியிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டு, "ஒரே இழுப்பா?" என்றான். குரலில் லேசான மரியாதை. "என் சர்வீஸ் மேடம் அது. அதான் அப்படிப் புடிச்சிருக்கு."

இன்ஸ்பெக்டர் மேடையேறினார். படியில் ஆட்டம் இல்லாததால் இந்த முறை நிதானமாகவே ஏறினார்.

"வாங்க சார். மிச்சத்தை ஸ்டேஷன்ல பேசலாம். எவ்ளோ நேரம் வேணா பேசலாம். நாங்க யாரும் எந்திரிச்சுப் போக மாட்டோம்."

*

ஜீப்பின் பின்சீட்டில், கையில் விலங்கோடு, துணைத் தலைவர் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே இன்ஸ்பெக்டரும் அவர் மனைவியும். அவர்கள் பேசியது ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் உள்ளே கேட்டது.

"ஒண்ணு கேக்கறேன் தப்பா நினைக்காதீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க எழுந்தப்ப புருஷனைக் காப்பாத்தப் பார்க்கறீங்கன்னுதான் நினைச்சேன். நானே நம்பிட்டேன்."

"உங்களுக்கு சாட்சி இல்லன்னு கேள்விப்பட்டேன். அவரை விட்டா வேற யாரு சாட்சி சொல்லுவா? அதான் கொஞ்சம் சூடேத்தி விட்டேன்."

"அப்ப முன்னாடியே தெரியுமா?"

"நேத்து காலையிலயே தெரியும் மேடம்."

ஜீப்புக்குள் துணைத் தலைவர் நிமிர்ந்தார். எங்கே தப்பு? துடுப்பைக் கழுவியாயிற்று. வழியில் யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் பூனைபோல்தான் வந்தார்...

"எப்படி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நேற்றிலிருந்து வராத அழுகை இப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருந்தது.

"தூங்கி எந்திரிச்சு வந்தா, கொல்லைக் கொடியில அவரோட சட்டை சொட்டச் சொட்டத் தொங்குது. அவரே துவைச்சிருக்கார் மேடம். கொலைக்குக் குறைஞ்ச காரியத்துக்கெல்லாம் அந்த மனுஷன் சோப்பைத் தொட மாட்டார்."